தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு என்ன கருவி வாங்கித் தரலாம்?

தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்கு வேட்டி என்று இருந்த பட்டியலில் இப்போது ஸ்மார்ட் வாட்சும் பேசும் ஸ்பீக்கரும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகள் பெங்களூரிலோ டொராண்டோவிலோ இருக்கிறார்கள். பெற்றோர் திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு, சொந்த வீட்டை விட்டு வரமாட்டோம் என்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் வரமாட்டேன் என்பதிலும் நியாயம் இருக்கிறது. பத்தாவது மாடி ஃபிளாட்டில் பகலெல்லாம் டிவி பார்ப்பதைவிட, தெரிந்த மருந்துக்கடையும் தெரிந்த கோயிலும் இருக்கும் தெருவே மேல் அல்லவா? அந்த வீட்டிலேயே அவர்கள் பத்திரமாக இருக்க எந்தக் கருவி உண்மையில் உதவும், எது அலமாரியில் தூங்கும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கடையில் கிடைப்பவற்றை இரண்டாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, பெரியவர் ஏதாவது செய்தால்தான் வேலை செய்யும் கருவி: பட்டனை அமுக்க வேண்டும், கையில் கட்ட வேண்டும், சார்ஜ் போட வேண்டும், கட்டளை சொல்ல வேண்டும். இன்னொன்று, அவர் எதுவுமே செய்யாமல் தன்பாட்டில் வேலை பார்ப்பது: ஆள் நடந்தால் எரியும் விளக்கு, கேஸ் கசிந்தால் கத்தும் பெட்டி. பரிசு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகையில்தான் போய் நிற்கிறார்கள். விளம்பரமும் அதற்குத்தான் அதிகம். என் ஓட்டு இரண்டாவது வகைக்கு.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களைக் கவனித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. அவர்களில் பலரிடம் அவசர அழைப்புப் பட்டன் இருந்தது. ஆனாலும் தனியாக இருக்கும்போது விழுந்து, எழ முடியாமல் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் அதை அமுக்கவே இல்லை. ஏன் என்பது நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தாலே புரியும். கழற்றி எங்கோ வைத்திருப்பார்கள். அல்லது, “இந்த நேரத்துல போய் யாரைத் தொந்தரவு பண்றது, கொஞ்ச நேரத்துல நாமளே எந்திரிச்சுக்கலாம்” என்று கிடப்பார்கள்.

அந்தக் ‘கொஞ்ச நேரம்’தான் சிக்கல். எலும்பு முறியாமல் தப்பித்தவர்கள்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் வேறு கோளாறுகள் தொடங்கிவிடும். உடலில் நீர் வற்றும், தரையில் அழுந்திய இடம் புண்ணாகும், அழுந்திய தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே விழாமல் காப்பது ஒரு வேலை என்றால், விழுந்தது இன்னொருவருக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பது அதே அளவு முக்கியமான இன்னொரு வேலை.

விழுந்ததை வாட்ச் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆப்பிள் வாட்ச்களில் இந்த வசதி 2018-இல் வந்த சீரிஸ் 4-இல் தொடங்கியது. மற்ற கம்பெனிகளின் சில வாட்ச்களிலும் இது இருக்கிறது. உள்ளே முடுக்கத்தை அளக்கும் ஒரு சில்லும், திரும்புவதை அளக்கும் ஒரு சில்லும் இருக்கின்றன. ஆள் விழும்போது ஒரு கணம் எடையே இல்லாததுபோல் அளவு குறையும், தரையில் மோதியதும் சட்டென்று ஏறும், பிறகு கை அசையாமல் கிடக்கும். இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால் வாட்ச் கையைத் தட்டிச் சத்தம் போட்டு, “விழுந்துவிட்டீர்களா?” என்று கேட்கும். ஆப்பிள் வாட்சில், ஏறத்தாழ ஒரு நிமிடம் அசைவே இல்லை என்றால் அதுவாகவே அவசர உதவிக்கு அழைத்து, நீங்கள் பதிந்து வைத்த ஆட்களுக்கும் செய்தி அனுப்பும்.

எல்லா விழுகையும் இப்படி ‘தொப்’பென்று நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைசுற்றிச் சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டால் வாட்சுக்குத் தெரியாமல் போகலாம். மாறாக, சாய்வு நாற்காலியில் தடாலென்று உட்கார்ந்தால் விழுந்ததாக நினைத்துக்கொள்ளவும் கூடும். இன்னொன்று, ஆப்பிள் வாட்சில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இந்த வசதி முழுநேரமும் தானாக ஆன் ஆகும். மகன் அவசரத்தில் தன் பிறந்த தேதியைப் போட்டு செட் செய்து கொடுத்திருந்தால் அது அப்படி ஆன் ஆகியிருக்காது. கொடுக்கும் முன் செட்டிங்ஸில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

எங்கள் எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கு அவர் மகன் இப்படி ஒன்று அனுப்பியிருந்தார். பெட்டியோடு பீரோவில் இருந்தது. ஏன் கட்டவில்லை என்று கேட்டதற்கு, “ராத்திரி கழட்டிச் சார்ஜ்ல போடச் சொல்றான் தம்பி. நான் பாத்ரூம் போறதே ராத்திரியிலதான். விழறதுக்கு முன்னாடி அதைத் தேடிக் கட்டிக்கிட்டா விழ முடியும்?” என்றார். எந்த விமர்சன வீடியோவிலும் இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. பதில் எளிதுதான். சார்ஜரை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, சாயங்கால சீரியல் ஓடும் நேரத்தில் சார்ஜ் போடச் சொல்ல வேண்டும். அப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இரவில் கையிலேயே இருக்கட்டும். தண்ணீர் புகாத மாடல் என்றால் குளிக்கும்போதும் இருக்கட்டும், வழுக்கும் இடமே அதுதானே. ஆனால் தினமும் சார்ஜ் போடும் பழக்கம் வராது என்று தெரிந்தால் வாட்சே வேண்டாம்.

முந்நூறு ரூபாய் விளக்கும் ஜப்பான் கெட்டிலும்

என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியது ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சின்ன விளக்கு. சில நூறு ரூபாய்தான். ராத்திரி மூத்திரத்துக்கு எழும்போது இருட்டு, தூக்கக் கலக்கம், படுத்தவர் திடீரென்று எழுவதால் ரத்த அழுத்தம் இறங்குவது மூன்றும் ஒன்றாகச் சேர்கின்றன. இதில் இருட்டை மட்டுமாவது நாம் ஒழித்துவிடலாம். இந்த விளக்கில் இருக்கும் உணரி (சென்சார்) படம் எதுவும் எடுப்பதில்லை. உடம்புச் சூடு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் தன் முன்னால் இடம் மாறுவதை மட்டுமே அது கவனிக்கிறது. கட்டிலுக்குக் கீழே ஒன்று, வழியில் ஒன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று. மஞ்சள் வெளிச்சம் தருவதாக, முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். கண் கூசும் வெள்ளை விளக்கை முகத்துக்கு நேரே வைத்தால் அதுவே தடுமாற வைக்கும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் உள்ளே சார்ஜ் ஏறும் பேட்டரி உள்ளதைப் பாருங்கள்.

பெரியவர் புதிதாக எதுவும் செய்யாமலே வேலை பார்க்கும் இன்னொரு பெரிய யோசனையும் உண்டு. ஜப்பானில் ஸோஜிருஷி கம்பெனி 2001-இல் ஐ-பாட் (i-Pot) என்று ஒரு வெந்நீர்க் கெட்டில் கொண்டுவந்தது. டீ போடத் தண்ணீர் எடுத்தால், எடுத்த தகவல் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலில் போய்விடும். அம்மா எந்தப் பட்டனையும் அமுக்க வேண்டாம், எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், வழக்கம்போல் டீ குடித்தால் போதும். ஒரு நாள் காலையில் டீத் தண்ணீர் எடுக்கப்படவில்லை என்றால் போன் செய்து விசாரிக்கலாம். ஆபத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பதில், தினமும் நடக்கும் ஒன்று நடக்கவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே சூட்சுமம்.

நம் வீட்டில் இதை வேறு விதமாகச் செய்யலாம். சமையலறைக் கதவில் அது திறப்பதைக் காட்டும் காந்த உணரி ஒன்று, ஹாலில் நடமாட்ட உணரி ஒன்று. காலை ஏழரை வரை இரண்டும் சும்மா இருந்தால் உங்கள் போனில் மணி அடிக்கும்படி அந்த உணரிகளின் ஆப்பில் விதி எழுதிவிடலாம். செலவே வேண்டாம் என்றால், அம்மா விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறாரே, ரோஜாப்பூவோடு ‘இனிய காலை வணக்கம்’, அதுவும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதை மியூட்டில் போட்டிருப்பவர்கள் எடுத்துவிடலாம்!

மலிவான வைஃபை கருவிகளில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும். ரவுட்டர் காட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயரில் இணைக்கப் பார்த்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்து எல்லா உணரியும் ஊமையாகிவிடும். ஆகவே ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்றை மற்றவற்றோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டர் செருகியிருக்கும் பிளக் அதில் வருகிறதா என்று பாருங்கள்.

மணி அடித்தால் யார் போவது?

எந்தக் கருவியும் பேசாத விஷயம் இது. டொராண்டோவில் நடுராத்திரி உங்கள் போன் அலறுகிறது, அம்மா விழுந்துவிட்டார் என்று தெரிகிறது. அடுத்து? பத்து நிமிடத்தில் நடந்து போய்ச் சேரக்கூடிய ஓர் ஆள் வேண்டும். எதிர் வீட்டுப் பையன், மாடியில் குடியிருப்பவர், தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் என்று குறைந்தது இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் எண்ணையும் அந்த ஆப்பில் சேர்த்திருக்க வேண்டும்.

அந்த ஆள் ஓடி வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் ராத்திரி படுக்கும் முன் கிரில் கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டு, வாசல் கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். மாற்றுச் சாவி கையில் இருந்தும் பயனில்லை, கதவை உடைக்கத்தான் வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு வாட்ச் வாங்கிக் கொடுப்பவர்கள் முதலில் தச்சரைக் கூப்பிட்டு, உள்ளே இருந்து பூட்டினாலும் வெளியே சாவி போட்டுத் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்தட்டும். தாழ்ப்பாள் போடும் பழக்கத்தையும் மெல்ல விடவைக்க வேண்டும், அது வாங்குவதைவிடக் கடினம். பாத்ரூம் கதவிலும் அப்படியே. வெளியே இருந்து காசை வைத்துத் திருப்பித் திறக்கும் வகைப் பூட்டு கிடைக்கிறது. கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் இன்னும் நல்லது, உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் தள்ள முடியாது.

மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்க மனம் இல்லையென்றால் நம்பர் போட்டுத் திறக்கும் சின்னச் சாவிப் பெட்டியைக் கேட்டுக்கு அருகே சுவரில் பதித்துவிடலாம். விரல்ரேகைப் பூட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். வயதானால் விரல்ரேகை தேய்ந்துபோகும், கூடவே பேட்டரி கவலை வேறு.

அடுப்பங்கரை

சமையல் கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் வயது ஏற ஏற மோப்பத் திறன் குறையும். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் எழுபது வயது மூக்குக்குத் தெரியாமல் போகலாம். கேஸ் கசிவைக் காட்டும் கருவி இதற்குத்தான். அதைப் பலர் புகை அலாரம் மாதிரி மேலே மாட்டிவிடுகிறார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத்தான் பரவும். எனவே கருவி தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சிலிண்டருக்கு அருகே இருக்க வேண்டும். கத்தினால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து வெளியே போய்ப் பேச வேண்டிய எண் 1906. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு நல்ல மாற்று. தீ இல்லை, பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும், டைமர் வைக்கலாம். காந்தம் ஒட்டும் அடிப்பாகம் உள்ள பாத்திரம்தான் ஆகும் என்பதால் நான்கு பாத்திரத்தையும் சேர்த்துப் பரிசளியுங்கள், இல்லாவிட்டால் அடுப்பு அட்டைப்பெட்டியிலேயே இருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பேஸ்மேக்கர் வைத்திருந்தால், ஓடும் இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடியாவது தள்ளி நிற்கவேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. வாங்குவதற்கு முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போன், பேச்சு, மோசடி

புது ஸ்மார்ட்போனைவிட, இருக்கும் போனைச் சரியாக அமைத்துக் கொடுப்பது பெரிய உதவி. எழுத்தைப் பெரிதாக்குங்கள். முகப்பில் நான்கு பேரின் படம், தொட்டால் அழைப்பு போக வேண்டும். கூகுள் 2017-லேயே குரல் தட்டச்சைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டது, கீபோர்டில் உள்ள மைக்கைக் காட்டிக் கொடுத்தால் எழுதத் தயங்குகிறவர்களும் பத்தி பத்தியாகச் செய்தி அனுப்புவார்கள். பேசும் ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால் அதனிடம் உங்கள் ஊர்த் தமிழில் நாலு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் சொன்னால்தான் விளக்கு எரியும் என்றால் அது உங்களுக்கான பரிசு, அவர்களுக்கானது அல்ல.

இந்தியாவில் விற்கும் செல்போன்களில் 2017 முதல் அவசரப் பட்டன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதன்படி, பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ விடாமல் அமுக்கினால் 112-க்கு அழைப்பு போகும். ஸ்மார்ட்போன்களில் பவர் பட்டனை அடுத்தடுத்துத் தட்ட வேண்டும், எத்தனை தட்டு என்பது போனுக்குப் போன் மாறும் என்பதால் செட்டிங்ஸில் பாருங்கள். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸ் 108, இலங்கையில் 1990. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, அவசரமில்லாத விஷயங்களுக்கும் பேசலாம்.

போன் கொடுத்தால் மோசடிக்காரனுக்கும் வாசல் திறந்து கொடுத்தது போலத்தான். வீடியோ அழைப்பில் போலீஸ் போல் நடித்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறித்த செய்திகளில் பாதிக்கப்பட்டவர்கள் பலர் ஓய்வு பெற்றவர்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்திலேயே கிடையாது என்பதை வீட்டில் சும்மா பேசும்போதே பலமுறை சொல்லி வையுங்கள். இன்னொரு எச்சரிக்கை பிள்ளைகளுக்கு. அப்பாவின் போன் திரையை இங்கிருந்தே பார்த்துச் சரிசெய்யலாம் என்று சில ஆப்களை ஏற்றி, “அதில் வரும் நம்பரைச் சொல்லுங்கப்பா” என்று பழக்கிவிடுகிறோம். நாளைக்கு ‘பேங்க் மேனேஜர்’ அதையே கேட்டாலும் அவர் சொல்லிவிடுவார். வாட்ஸ்அப் வீடியோவில் இன்னொரு போனைப் பிடிக்கச் சொல்லிச் சரிசெய்வது மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. யு.பி.ஐ.யைப் பென்ஷன் கணக்கில் இணைக்காமல், சில ஆயிரம் மட்டும் இருக்கும் தனிக் கணக்கில் இணையுங்கள். பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.

பி.பி. மெஷின் வாங்கினால் மணிக்கட்டு வகை வேண்டாம், மேல்கையில் கட்டுவதாக, கையின் சுற்றளவுக்குப் பொருந்துவதாக வாங்குங்கள். மாத்திரைக்கு வாரப்பெட்டியும் போன் அலாரமும் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

கேமரா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வாசலில் வையுங்கள், யார் மணி அடிக்கிறார்கள் என்று திறக்காமலே பார்க்கலாம். ஹாலில் வேண்டுமென்றால் அவர்களிடம் கேட்டு, எங்கே வைத்திருக்கிறது என்று காட்டி, அணைக்கும் சுவிட்சையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். நடமாட்ட உணரியே அந்தத் தகவலைத் தரும்போது, அம்மா உடை மாற்றும் அறையை வேறு ஊர் சர்வரில் ஏற்றி வைக்க என்ன அவசியம்? பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

காசில்லாத பரிசு ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசு, ரயில்வே, ராணுவப் பென்ஷன்காரர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். அதை இணையத்தில் தர ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கு அதில் இடைஞ்சல் இருந்தது. 2021-இல் முகம் காட்டிச் சான்று பெறும் வசதி வந்தபின் வங்கி வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் எந்த மாதத்திலும் தரலாம், ஓராண்டு செல்லும். ஊருக்குப் போகும்போது உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் ஆப்பையும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. ஆப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஆதார் எண், பென்ஷன் ஆணை எண், வங்கிக் கணக்கு எண் மூன்றும் கையில் இருக்கட்டும். அப்பாவை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். சான்று எண் எஸ்.எம்.எஸ்ஸில் வந்ததும் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்துவிடலாம். நீங்கள் போக முடியாத வருஷம் தபால்காரரை வீட்டுக்கே வரச் சொல்லலாம், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் அவரே எடுத்துக் கொடுப்பார்.